மூன்றாம் வகுப்பும் முந்நூறு ரூபாயும்

பெருமக்களின் வரலாறு நாடெங்கும் பரவும்போது, அதன் ஒரு துண்டு மட்டும் மக்கள் வாயில் நிலைத்து, எஞ்சிய பெரும்பகுதி மறைந்துபோதல் உலகியல்பு. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களின் வரலாற்றுக்கும் அதுவே நேர்ந்திருக்கின்றது. மலையகத்துப் பாடசாலைகளில் நெடுங்காலமாகத் தமிழ் கற்பித்து வருபவன் என்ற முறையில் இதனை யான் கண்கூடாகக் காண்கின்றேன். அவர் பெயரை அறிந்த மாணவர் சிலர் உளர். அவர்களை வினவினால் மூன்று செய்திகளைக் கூறுவர். நாயுடு மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டார், ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டினார், பெருஞ்செல்வர் ஆனார். இவற்றைக் கூறிய வாயாலேயே, ஆதலின் எமக்கும் படிப்பு வேண்டா, கராஜ் ஒன்றே போதும் என்றும் முடித்துவிடுவர்.

இதனை வகுப்பறை வேடிக்கை என்று தள்ளிவிடுதல் தகாது. ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய நகரங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிற் பிறந்த பிள்ளைகளுள் எத்தனையோ பேர், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையோடு பாடசாலையை விட்டு, கொழும்புக் கடைகளுக்கோ அண்மை நகரத்து மோட்டார் திருத்துமிடங்களுக்கோ செல்கின்றனர். மோட்டார் திருத்துந் தொழில் மதிப்பும் வருவாயும் உடைய தொழில். அதனை விரும்புதலிற் குறையொன்றும் இல்லை. அதனை எவ்வாறு கற்பது, எவ்வளவு கற்பது என்பனவே வினா. அவ்வினாவுக்கு நாயுடுவின் வாழ்வு தரும் விடை, மேற்கூறிய மாணவர் கருதும் விடையினின்றும் பெரிதும் வேறுபட்டது. ஆதலால் அவ்வாழ்வைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒருமுறை நோக்குதல் பயனுடைத்து.

கலங்கற் சிறுவன்

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 ஆம் நாள், கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பமொன்றிற் பிறந்தார். பள்ளி அவருக்கு ஒவ்வவில்லை. ஓரிடத்தில் அசையாது அமர்ந்து, சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கல்வியில் அவர் மனம் படியவில்லை. ஆசிரியரோடு பிணக்குற்று, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டார் என்பர் அவர் வரலாறு எழுதினோர். அதன்பின் தந்தையாரின் நிலத்தில் வேலை செய்தார். ஓய்ந்த வேளைகளிற் கைக்கு எட்டிய நூல்களைத் தாமே படித்தார். பள்ளியை வெறுத்த சிறுவன் நூலை வெறுக்கவில்லை என்பது இங்கே குறித்துக்கொள்ளத் தக்கது.

இவ்விடத்தில் மலையகத்தார் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் பாட்டன்மாருட் பலரும் மூன்றாம் வகுப்பையோ ஐந்தாம் வகுப்பையோ தாண்டியவர் அல்லர். தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் நெடுங்காலம் ஓர் ஆசிரியர், ஒரு கூடம், சில தொடக்க வகுப்புகள் என்பவற்றுக்கு மேல் ஒன்றும் இல்லை. பிள்ளை வேலைக்குப் பெயர் பதியும் வயதை அடைந்ததும் அக்கல்வியும் முடிந்துவிடும். 1970 களில் அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பின்னரே மேல்வகுப்புகளுக்குச் செல்லும் வழி மெல்ல மெல்ல அகன்றது. நாயுடு பள்ளியை விட்டது தம் விருப்பத்தால். அவர் திரும்பிச் செல்லத் தந்தையாரின் நிலம் இருந்தது. நம் முன்னோரின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை; அவர்களுக்கு நிலமும் இல்லை. அவர்கள் பெறாது போன வகுப்புகளைப் பேரப்பிள்ளை தானே துறந்துவிட்டு, அதற்கு நாயுடுவைச் சான்று காட்டுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

கழற்றலும் பூட்டலும்

நாயுடு இளைஞராய் இருந்த காலத்தில், ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஏறிவந்த ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணிற் பட்டது. மாடும் குதிரையும் இழுக்காது தானே ஓடும் வண்டியை அதுவரை அவர் கண்டிலர். அதனைத் தாமும் உடைமையாக்கிக்கொள்ளல் வேண்டும் என்ற வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. அவர் ஊரை விட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்று, உணவு விடுதியொன்றிற் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். இறுதியில் அவ்வண்டியையே 300 ரூபாய் கொடுத்து வாங்கினார். கழற்றிப் பூட்டிய செய்தியைக் கூறுவோர், அதற்கு முன்னர் மேசை துடைத்துக் கழிந்த ஆண்டுகளைக் கூற மறந்துவிடுகின்றனர்.

வாங்கிய வண்டியை அவர் உறுப்பு உறுப்பாகக் கழற்றினார். பின்னர் அவ்வாறே பூட்டினார். தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இச்செயல் புதுமையானதன்று. பதமொன்றைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்பாகப் பிரிக்கும் முறையை நன்னூல் கூறுகின்றது. கீழைத்தேயக் கல்லூரியில் யான் பயின்ற காலத்தில், பிரித்துக் காட்டியவுடன் எம் ஆசிரியர் நிறைவடைய மாட்டார். ஒவ்வோர் உறுப்பும் அவ்விடத்தில் ஏன் நின்றது, அஃது இல்லாவிடின் பொருள் எவ்வாறு திரியும் என்று கேட்பார். அதற்கு விடை கூறிய பின்னரே இலக்கணம் கற்றதாகக் கொள்வார். இயந்திரத்துக்கும் அதுவே முறை. கழற்றுதல் எவர்க்கும் எளிது. பூட்டும்போதுதான் அறிவு வெளிப்படும்.

அக்காலத்து ரட்ஜ் வண்டியில் இருந்தது ஒற்றை உருளை இயந்திரம். கற்பவனுக்கு அதனினும் நல்ல ஆசான் இல்லை. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெற்றோலும் கலந்த கலவை உள்ளே புகுகின்றது. மேலேறும்போது அக்கலவை அமுக்கப்படுகின்றது. தீப்பொறி பட்டுக் கலவை எரிய, பிஸ்டன் விசையோடு கீழே தள்ளப்படுகின்றது. மீண்டும் மேலேறும்போது எரிந்த புகை வெளியேறுகின்றது. இந்நான்கு அடிப்பும் நிகழ்ந்து முடிய அச்சு இருமுறை சுழலுகின்றது. ஆனால் ஒவ்வொரு வால்வும் அதற்குள் ஒரே முறைதான் திறத்தல் வேண்டும். ஆகவே வால்வைத் தூக்கும் கேம் தண்டு, பிரதான அச்சின் பாதி வேகத்திற் சுழலுமாறு பற்சக்கரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. பூட்டுகின்றவன் இச்சக்கரங்களின் குறிகளை ஒன்றோடொன்று பொருத்தல் வேண்டும். பல்லொன்று தவறினும், வால்வு திறக்கவேண்டிய வேளையில் மூடியும், மூடவேண்டிய வேளையில் திறந்தும் நிற்கும். உறுப்பெல்லாம் இருந்தும் இயந்திரம் செவ்வனே ஓடாது.

ஆசிரியர் ஒருவரும் அருகில் இன்றி அவ்வண்டியை மீண்டும் ஓடச் செய்த இளைஞர், ஒவ்வோர் உறுப்பின் காரணத்தையும் தம் கையாலும் கண்ணாலும் தேடிக் கண்டிருத்தல் வேண்டும். அது படிப்பின்மை அன்று, கடுமையான படிப்பு. இன்று நம் மலைச்சாலைகளில் ஏறியிறங்கும் முச்சக்கர வண்டிகளிலும் பெரும்பாலும் ஒற்றை உருளை இயந்திரமே உள்ளது. ஆதலின் நாயுடுவுக்குக் கிடைத்த அதே பாடநூல் ஹற்றன் நகரத்து இளைஞனுக்கும் நாள்தோறும் கிடைக்கின்றது. அதனைப் படிப்பவர் எத்துணையர் என்பதே கேள்வி.

ஒரு பஸ்ஸின் உரிமையாளர்

மோட்டார் சைக்கிளோடு நாயுடுவின் ஏற்றம் தொடங்கியது என்று கூறுவது முழுவுண்மை ஆகாது. முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் பருத்தித் தொழிலில் இறங்கினார், பெரும்பொருள் ஈட்டினார், பம்பாய் சென்று அங்குப் பருத்தி வாணிகத்தில் ஈட்டியதை இழந்து ஊர் திரும்பினார். இழந்தவரிடம் எஞ்சி நின்றது இயந்திரத்தைப் பற்றிய அறிவு ஒன்றே.

அவ்வறிவுக்கு மதிப்பளித்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர். கோயம்புத்தூரிற் காப்பி பதப்படுத்தும் தொழிலை நிறுவி, பின்னர்த் தேயிலை, நெசவாலை எனப் பல துறைகளிலும் பெயர் பெற்றவர் அவர். அவர் துணையால், விலையின் ஒரு பகுதியைக் கடனாகக் கொண்டு, நாயுடு ஒரு பஸ்ஸுக்கு உரியவரானார். 1920 ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. ஓட்டியவரும் நாயுடுவே, பழுது நீக்கியவரும் அவரே. அவ்வொரு பஸ் பலவாகப் பெருகி, யூ.எம்.எஸ். என்ற பெயரோடு தென்னாட்டிற் புகழ்பெற்ற போக்குவரத்து நிறுவனமாயிற்று. காலந் தவறாமைக்கு அது பெயர் போனது.

கடன் வாங்கி ஒரே பஸ் வைத்திருப்பவனுக்கு, அந்த பஸ் வழியில் நின்றுவிட்டால் அன்றைய சோறு இல்லை. ஆகவே பழுது வந்தபின் திருத்துவதினும், வருமுன் காத்தலே அவனுக்கு உயிர்நிலை. எண்ணெய் மாற்ற வேண்டிய நாளில் மாற்றுதல், தளர்ந்த ஆணியை முறுக்குதல், தேய்ந்த உறுப்பை முறியுமுன் நீக்குதல் என்னும் சிறு செயல்களை ஒழுங்காகச் செய்தால் அன்றி எந்த பஸ்ஸும் குறித்த நேரத்துக்கு ஊர் போய்ச் சேராது. இக்காலத்துத் தொழிற்பயிற்சி நிலையங்கள் பராமரிப்பு என்று தனிப் பாடமாகக் கற்பிப்பதும் இதனையே.

மலைச்சாலை கற்பிக்கும் பாடம்

பொள்ளாச்சி - பழனிச் சாலையிற் கற்க வேண்டியவை சில. மலையகச் சாலைகளிற் கற்க வேண்டியவை அவற்றினும் பல. அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை வழியாக ஹற்றனுக்கு ஏறி, தலவாக்கலை, நானுஓயா கடந்து நுவரெலியாவை அடையும் சாலையை நினைத்துப் பாருங்கள். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரம் வண்டிக்குச் செய்வதை அறியாதவன் இம்மலையில் நல்ல திருத்துநன் ஆதல் இயலாது.

என்னிடம் தமிழ் பயின்று, பின்னர் கராஜ் ஒன்றில் வேலைக்கு அமர்ந்த ஓர் இளைஞன் முன்னொருநாள் என்னிடம் ஒரு செய்தி கூறினான். கொழும்புப் பக்கத்திலிருந்து வரும் பழைய முச்சக்கர வண்டிகள் இங்கு வந்ததும் சோர்ந்து கரும்புகை கக்கும் என்றும், பிளக்கைத் துடைத்துக் கொடுத்தால் இரண்டு நாள் ஓடும் என்றும், பின்னர் மீண்டும் வரும் என்றும் சொன்னான். ஏன் அவ்வாறு ஆகின்றது என்று கேட்டேன். பாஸ் சொல்லித் தரவில்லை என்றான். காரணம் அவன் எட்டாம் வகுப்பு விஞ்ஞான பாடத்தில் இருந்தது. உயரம் செல்லச் செல்லக் காற்று மெலியும். நுவரெலியாவிற் காற்றின் அமுக்கம் கடற்கரையினும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காபரேற்றரோ கடற்கரைக் காற்றுக்கு அளந்த பெற்றோலையே விட்டுக்கொண்டிருக்கும். காற்றுக் குறைந்து எரிபொருள் மிகவே, கலவை முற்றும் எரியாது கரி படியும். துடைக்க வேண்டியது பிளக் எனினும், திருத்த வேண்டியது காபரேற்றரின் அளவு. இதனைக் கேட்டபோது அவன் முகத்திற் தோன்றிய மலர்ச்சியை வகுப்பறையில் ஒருநாளும் யான் கண்டதில்லை.

நீரின் கொதிநிலையும் அவ்வாறே. கடற்கரையில் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் நீர், நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேற்றரின் மூடி அமுக்கத்தைக் காத்து நின்றால் அன்றி, ஏற்றத்தில் திணறும் இயந்திரத்தின் நீர் விரைந்து ஆவியாகும். மூடியின் இரப்பர் வளையம் தேய்ந்தால் விலை சிறிது. அதனைக் கவனியாது விட்டதனால் உருளைத் தலை வளைந்தால் விலை பெரிது.

இறக்கத்திலோ உயிரே பணயம். நெடுந்தூரம் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், அதன் உராய்பகுதி சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெயோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மழையும் மூடுபனியும் நிறைந்த நம் நாட்டில் அவ்வீரம் அதிகம். ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் எளிதிற் கொதிக்கும். கொதித்தெழும் ஆவி அமுங்கிவிடும். ஆவி அமுங்கவே மிதி தரை வரை செல்லும், வண்டி நிற்காது. ஆதலால் ஓட்டுநர் தாழ்ந்த கியரில் இயந்திரத்தின் பிடிப்பாலேயே இறங்குதல் வேண்டும். திருத்துநர் பிரேக் எண்ணெயைக் காலம் பார்த்து மாற்றுதல் வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளையும் கொழுந்து பறிக்கும் தாய்மாரையும் ஏற்றிவரும் வண்டி, பெயர் தெரியாத ஓர் இளைஞன் காரணம் அறிந்து வேலை செய்தான் என்ற நம்பிக்கையிலேயே றம்பொடைச் சரிவில் இறங்குகின்றது.

மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஒரு முறையை வள்ளுவர் வகுத்துள்ளார். பிணி இன்னதென்று தெளிதல், அது பிறந்த காரணத்தைக் காணுதல், நீக்கும் வழியை ஆராய்தல், அதன் பின்னரே கைவைத்தல் என்பது அம்முறை. வண்டி வைத்தியனுக்கும் வேறு முறை இல்லை. இயந்திரம் எழும்பவில்லையா? எரிபொருள் வருகின்றதா, காற்று வருகின்றதா, தீப்பொறி உரிய வேளையில் வருகின்றதா, அமுக்கம் உள்ளதா என்று நான்கையும் ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்காது, அகப்பட்ட உறுப்பையெல்லாம் மாற்றிப் பார்ப்பவன் வண்டிக்காரனின் பணத்தில் சூதாடுபவன் ஆவான்.

கண்டுபிடிப்புகளும் கதவடைப்பும்

நாயுடுவின் அறிவு பஸ்ஸோடு நின்றுவிடவில்லை. 1937 ஆம் ஆண்டில், பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து, கோயம்புத்தூர்ப் பீளமேட்டில் மின்மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவிற் செய்யப்பெற்ற முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகின்றது. கோயம்புத்தூர் இன்று மோட்டாருக்கும் நீர்ப்பம்பிக்கும் பெயர்பெற்று விளங்குவதற்கு அஃது ஒரு வித்து. 1941 இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தம்மாற் செய்து தரமுடியும் என அறிவித்தார். உலர் மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, வாக்குப் பதியும் இயந்திரம் என அவர் படைத்தவை பல. பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களிலும் அவர் ஆராய்ச்சி நடத்தினார். இந்தியாவின் எடிசன் என மக்கள் அவரை அழைக்கலாயினர்.

1952 இல் இருவர் அமரத்தக்க சிறு பெற்றோல் கார் ஒன்று அவர் முயற்சியால் வெளிவந்தது. அதன் விலை 2,000 ரூபாய் அளவினது. ஆனால் அதனைத் தொகையாக உற்பத்தி செய்வதற்கு அரசாங்கத்தின் அனுமதி கிட்டவில்லை. முயற்சி அவ்வளவில் நின்றது. கையில் திறமை இருந்தும், அத்திறமையை ஏற்றுக்கொள்ளும் முத்திரை இல்லாவிடிற் கதவு திறவாது என்பதை, செல்வமும் புகழும் உடைய அவரே தம் வாழ்விற் காண நேர்ந்தது. செல்வமோ புகழோ இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு அம்முத்திரை எவ்வளவு இன்றியமையாதது என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பள்ளியை விட்டவர் கட்டிய பள்ளிகள்

இனி, மறக்கப்பட்ட பெரும்பகுதிக்கு வருகின்றேன். 1944 ஆம் ஆண்டில் நாயுடு மோட்டார்த் தொழிலின் நேர்ப்பொறுப்பினின்றும் விலகி, அறப்பணிகளில் ஈடுபடலானார். ஆராய்ச்சி மாணவர்க்கு உதவித்தொகையும், தொழிலாளர்க்கு நலத்திட்டங்களும் அவர் அறிவித்தவற்றுட் சில. தொழிற்கல்வியில் அவர் மனம் சிறப்பாக ஊன்றியது. அக்காலத்துச் சென்னை ஆளுநராய் இருந்த ஆர்தர் ஹோப் பெயரால், கோயம்புத்தூரில் ஒரு பொலிரெக்னிக்கும் பொறியியற் கல்லூரியும் தோன்றுவதற்கு அவரே முதற்காரணர் ஆனார். 1945 இல் தொடங்கிய அக்கல்லூரியே பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் பொறியியற் கல்லூரிக்கு முதல்வராக அமர்ந்தார்.

அங்கேயும் ஒரு பிணக்கு எழுந்தது. பொறியியற் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளே போதும், எஞ்சியவை மாணவரின் காலத்தை வீணாக்குவன என்பது அவர் கொள்கை. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. அவர் அப்பொறுப்பினின்றும் விலகினார். எனினும் தொழிற்கல்விப் பணியை அவர் கைவிட்டாரல்லர். குறுகிய காலத்திற் கையால் செய்து கற்கும் பயிற்சிகளைத் தாமே நடத்துவித்தார். அவர் பெயரால் இயங்கும் அறநிலையம் இன்றும் கோயம்புத்தூரில் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் நடத்தி வருகின்றது.

இப்பிணக்கில் யார் பக்கம் நீதி? ஆசிரியன் என்ற முறையில் இதனைப் பலகாலும் யான் எண்ணியதுண்டு. நான்கு ஆண்டு வகுப்பிலிருந்தும் ஒரு திருகாணியைத் தொடாது வெளியேறும் மாணவரைப் பார்க்கும்போது நாயுடு சொன்னது சரி என்று தோன்றும். பத்தாண்டு கராஜில் இருந்தும் காபரேற்றரின் காரணம் அறியாத இளைஞனைப் பார்க்கும்போது அரசாங்கத்தின் எச்சரிக்கையிலும் பொருள் உண்டு எனத் தோன்றும். ஆனால் இரு திறத்தாரும் ஒன்றில் ஒத்திருந்தனர். தொழிலைக் கற்க ஒரு கல்விக்கூடம் வேண்டும் என்பதே அது. எத்தனை ஆண்டு என்பதில் வழக்கு. கல்வி வேண்டுமா என்பதில் வழக்கு இல்லை. பள்ளியிற் கிடைக்காத கல்வி தம் பின்வந்தார்க்கேனும் கிடைத்தல் வேண்டும் என்று அவர் எண்ணியிராவிடின், ஈட்டிய பொருளை அப்பணியிற் செலவிட்டிருக்க மாட்டார்.

நம் நாட்டில் இவ்வழக்குக்கு ஒருவாறு தீர்வு பிறந்திருக்கின்றது. தேசிய தொழிற்றகைமை என்னும் ஏழு மட்ட அமைப்பு இன்று நடைமுறையில் உள்ளது. முதல் நான்கு மட்டங்கள் கைத்தொழிற் சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள். ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. பயிற்சி நிலையத்திற் சேர்ந்தும் இவற்றைப் பெறலாம். தொழிலகத்திற் பயிலுநராய் இருந்தும் பெறலாம். இவையேயன்றி, முன்னரே வேலை கற்றவர் தம் திறமையைச் செய்துகாட்டி மதிப்பீடு பெறும் வழியும் உண்டு. கராஜில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு நிற்கும் இளைஞன், தான் கற்றதை வீணாக்காது, முத்திரை பெற்று மேலேறுவதற்கு இது ஏற்ற படி. இதனை அறியாத பெற்றோர் தோட்டந்தோறும் உளர். அறிவிக்க வேண்டிய கடமை ஆசிரியராகிய எம்முடையது.

இனி வருங்காலம்

நாயுடு கழற்றிய வண்டியைப் போல இக்காலத்து வண்டிகளைக் கண்டபடி கழற்றுதலும் ஆகாது. கலப்பு எரிசக்தி வண்டிகள் நம் சாலைகளிற் பலவாக ஓடுகின்றன. அவற்றின் பெரிய மின்கலத்தொகுதியில் 200 வோல்ற்றும் அதற்கு மேலும் மின்னழுத்தம் உண்டு. செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பியை அறியாது தொடுபவன், பாடத்தை முடிக்குமுன் உயிரை முடித்துக்கொள்வான். இயந்திரத்தை ஆளும் மின்னணுப் பெட்டியைக் கருவி கொண்டு வினவினால் குற்றக்குறி ஒன்றை அது காட்டும்; அக்குறி பிணியின் அடையாளத்தைச் சொல்லுமேயன்றிக் காரணத்தை முற்றும் சொல்லிவிடாது. அதனை வாசிக்கவும், வாசித்ததை ஆராயவும், கைந்நூலின் மின்சுற்றுப் படத்தைப் பின்தொடரவும் கணிதமும் விஞ்ஞானமும் வேண்டும். அக்கைந்நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருத்தலின் அம்மொழியறிவும் வேண்டும். கற்றதைப் பிறர்க்குத் தெளிவாக எடுத்துரைக்கத் தமிழும் வேண்டும் என்பதைத் தமிழாசிரியன் ஆதலாற் சேர்த்துக்கொள்கின்றேன்.

ஜி. டி. நாயுடு 1974 ஜனவரி 4 ஆம் நாள், தமது எண்பதாவது வயதிற் காலமானார். கோயம்புத்தூரில் அவர் நினைவைப் போற்றும் கண்காட்சிக் கூடங்களும் பழைய கார்களின் காட்சியகமும் உள்ளன. பார்வையாளர் அங்கே அவர் செய்த பொருள்களைக் கண்டு வியக்கின்றனர். அவர் பெயரை நன்கு நிலைநிறுத்துவது, அவர் காட்டிய முறையிற் பயிலும் மாணவனே என்பது என் கருத்து.

மலையகப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓடாத முச்சக்கர வண்டி இயந்திரம் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, விஞ்ஞான அறையில் ஒரு மேசைமேல் வையுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், ஆண் பெண் என்ற வேற்றுமை இன்றி, அதனைக் கழற்றட்டும். கழற்றிய ஒவ்வோர் உறுப்பின் பெயரையும், அஃது அங்கு நின்ற காரணத்தையும் தமிழில் ஒரு கொப்பியில் எழுதட்டும். பின்னர்ப் பூட்டட்டும். பூட்டி முடித்தபின் ஓர் ஆணி மிஞ்சினால், அஃது எவ்விடத்துக்கு உரியது என்று தேடுவதற்காக அப்பிள்ளை மறுநாளும் பாடசாலைக்கு வரும்.